கரைமேல் நடப்பவர்கள்

ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய்க்கு ராமநாதபுரம் சீமையில் இன்னொரு பெயர் உண்டு: ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’. நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளத்துக்குக் கரை, அந்தக் கரையில் நாற்பத்தெட்டு மடைகள் என்று விளக்கம் சொல்வார்கள். கரை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ராஜசிம்மன் என்ற பாண்டியனோடு சேர்த்து, ஆயிரம் வருஷத்துக் கண்மாய் என்று ஊர் சொல்லிக்கொள்கிறது. எத்தனையோ மைல் பறந்து வருகிற நாரைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கும். ஆனால், கண்மாயின் பெருமையை அளக்க ஊர்ப்பேச்சு எடுத்துக்கொண்ட அதே பறவைதான் இன்று இந்த மாவட்டத்தின் கண்மாய்களுக்கு வெளியூர் ஆட்களை இழுத்துவருகிறது.

ராமநாதபுரம் நகரை ஒட்டியே இருக்கிறது சக்கரக்கோட்டை கண்மாய். 2012-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பரப்பு 230 ஹெக்டேர் சொச்சம். நயினார்கோவில் பக்கம் தேர்த்தங்கல், 2010-இல் சரணாலயமானது, முப்பது ஹெக்டேர்கூட இல்லை. முதுகுளத்தூர் பக்கத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-லேயே சரணாலயங்கள். சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர் – கீழச்செல்வனூர் 1998-இல் சேர்ந்தது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறின. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் ஏறின. ஈரானில் காஸ்பியன் கடலோரத்து ராம்சர் நகரில் 1971-இல் கையெழுத்தான உடன்படிக்கையின் பட்டியல் அது. வைகைத் தண்ணீருக்கு வருஷா வருஷம் கெஞ்சிக்கொண்டிருக்கும் கிராமங்களின் பெயர்கள் இன்று உலகப் பட்டியலில் இருக்கின்றன.

பட்டியல் இவற்றை ஈரநிலங்கள் என்கிறது. வருஷத்தில் ஏழெட்டு மாதம் காய்ந்து வெடித்துக் கிடக்கிற நிலத்துக்கு அது கொஞ்சம் தாராளமான பெயர்தான். ஈரம் தங்குவதற்குக் காரணம் அங்கே ஒரு கரை இருப்பது. கரிசலையும் செம்மண்ணையும் வெட்டிக் கொட்டி, மிதித்து இறுக்கிய மண்கரை. மலையோ பள்ளத்தாக்கோ இல்லாத சமவெளியில் நிலத்தின் சரிவைப் பார்த்து, தாழ்ந்த பக்கங்களில் வளைத்துக் கரை போட்டு, மேட்டுப் பக்கத்தை வரத்துத் தண்ணீருக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பொறியியல் கணக்கில் இது மண் அணை. ஆனால் 2021-ஆம் வருஷத்து அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் இது அணையே கிடையாது. பதினைந்து மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும், அல்லது பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் இருந்து வேறு சில நிபந்தனைகளையும் நிறைவேற்ற வேண்டும். நம் கண்மாய்க் கரைகள் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ இருந்தால் அதிகம். ஆயிரம் வயது இருக்கலாம், பத்து மீட்டர் உயரம் இல்லையே.

வைகை அணைக்கு அந்தத் தகுதி உண்டு. ராமநாதபுரத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர் அனுப்ப வேண்டிய பெரிய அண்ணன் அது. ஆண்டிபட்டி பக்கம் 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. மூன்றரை கிலோமீட்டர் நீளத்தில் நடுவில் மதகுகள் இருக்கும் கொஞ்சப் பகுதிதான் கல்கட்டு, மற்றதெல்லாம் மண்கரை. இரண்டு கரையிலும் பூங்கா போட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சுற்றுலா வண்டிகளும் சினிமாப் படப்பிடிப்புகளும் வந்தன. பிள்ளைகள் சறுக்குமரம் ஆடுகிற பூங்காவுக்கு மேலே இருப்பது மண்கரை என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆனாலும் அங்கே காவல் இருக்கிறது, கசிவு அளக்கும் கருவி இருக்கிறது. தண்ணீர் 66 அடி தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது. 71 அடி முழுக் கொள்ளளவு. அந்த எண்களைக் கீழே பரமக்குடியிலும் ராமநாதபுரத்திலும் ஜோசியம் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பழைய ஆயக்கட்டுப் பங்கில் ராமநாதபுரத்துக்கு ஏழு, சிவகங்கைக்கு மூன்று, மதுரைக்கு இரண்டு என்று கணக்கு. ஏழு பங்குக்காரன்தான் கடைசியில் நிற்கிறான்.

இந்தக் கடைசி இடம் புதிது அல்ல. சேதுபதி சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-இல் பன்னிரண்டு பேரை மேற்கு மலைக்கு அனுப்பி, பெரியாற்றுத் தண்ணீரை வைகைக்குத் திருப்ப வழி இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார். வழி இருக்கிறது, செலவுக்குப் பணம்தான் இல்லை என்று ஆனது. நூறு வருஷம் கழித்து 1895-இல் பொறியாளர் பென்னிகுக் பெரியாற்றில் கட்டி முடித்த அணையின் தண்ணீர் மதுரையையும் மேலூரையும் பச்சையாக்கியது. யோசனை சொன்ன சீமைக்கு மிச்சம் கிடைத்தால் உண்டு. ஆகவே ராமநாதபுரத்தான் வானத்தையும் தன் கண்மாய்க் கரையையும்தான் நம்பினான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைப் பிடித்து வைத்தால் சோறு, விட்டால் பஞ்சம்.

அந்த நாளில் கரையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு மடையன், மடைக்குடும்பன், நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர்கள். சம்பளம் காசாக இல்லை. அறுவடையில் கதிர்க்கட்டு, களத்தில் இத்தனை மரக்கால் நெல், சில ஊர்களில் மானியமாக ஒரு துண்டு நிலம். வேலை என்ன? பழைய மடைகளில் கரைக்குச் சற்று உள்ளே, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கு நடுவே தொட்டி போன்ற அமைப்பு. மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. கல்லடைப்பைத் தூக்கினால் தண்ணீர் குமிழியிட்டு உள்ளே இறங்கி, கரைக்கு அடியில் போகும் சுரங்கக் கால் வழியாக வயலுக்குப் போகும். கண்மாய் நிறைந்திருக்கும்போது அந்த அடைப்பை எடுக்க மூச்சடக்கி முங்க வேண்டும். மார்கழிக் குளிரில் அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஊரின் கடைசித் தெருவில் குடியிருந்தவர்கள்.

முங்குவதைவிடப் பெரிய வேலை நடப்பது. கண்மாய் பெருகும் நாட்களில் ராத்திரியும் பகலும் அவர்கள் கரையின் வெளிப்பக்கத்தில், அடிவாரத்தில் நடப்பார்கள். கையில் அரிக்கேன் விளக்கு, தோளில் மண்வெட்டி. மண்கரை எதுவும் கசியாமல் இருக்காது. கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் அது கரையின் மூச்சு, விட்டுவிடலாம். கலங்கி வந்தால் கரைக்குள் இருந்து மண் கிளம்பிவிட்டது என்று அர்த்தம், விடக் கூடாது. இன்றைக்கும் மண் அணைப் பொறியாளர்களின் பாலபாடம் இதுதான். கலங்கல் ஊற்று கண்டால் அதை அடைக்க முயலக் கூடாது. அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் உடைத்துக்கொண்டு வரும். சுற்றிலும் மண்மூட்டை அடுக்கி ஒரு சின்னக் கிணறு போலக் கட்டி, உள்ளே மணலும் சரளையும் கொட்டினால் தண்ணீர் மட்டும் வரும், மண் வராது. இதைப் பட்டம் வாங்கிப் படித்தவர்களும் செய்கிறார்கள், வைக்கோலையும் சரளையையும் வைத்து அந்தக் கரைக்காரர்களும் செய்தார்கள்.

கரிசல் மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் அது பாளம் பாளமாக வெடிக்கும். கரையிலும் கை நுழையும் வெடிப்பு விழும். ஐப்பசியில் முதல் தண்ணீர் ஏறும்போது வெடிப்புக்குள் புகுந்துகொள்ளும். பெரிய வெள்ளத்தைவிட முதல் பெருக்கம் ஆபத்தானது என்று கரைக்காரர்கள் பயந்ததற்குக் காரணம் இது. வெடிப்போடு எலி வளை, நண்டு வளை, கீரிப் பொந்து. வருஷம் முழுவதும் நிறைந்திருக்கும் அணைக்கு இல்லாத கஷ்டம், வருஷத்தில் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கும் கண்மாய்க் கரைக்கு உண்டு. அதனால்தான் ஆடி, ஆவணியில், விதைப்புக்கு முன்னால், வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியும் கூடையுமாகக் கரைக்கு வர வேண்டும் என்ற ஏற்பாடு. வெடிப்பில் மண் போட்டு மிதிப்பது, வரத்துக்காலில் செடி வெட்டுவது, உள்வாயில் வண்டல் எடுத்து வயலுக்குக் கொண்டுபோவது. குடிமராமத்து என்பது இதுதான்.

குடிமராமத்து என்றதும் இன்று மேடையில் பேசுகிறவர்களுக்குத் தொண்டை கம்முகிறது. எனக்கு அவ்வளவு உருக்கம் வரவில்லை. கரை உடையும் சமயத்தில் வேலைக்கு வர மறுத்தவர்களைத் தண்டிக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். எல்லோரும் பூரித்துப்போய் மண் சுமந்திருந்தால் அந்தச் சட்டத்துக்கு வேலை இருந்திருக்காது. நிலம் இருந்தவன் ஆள் அனுப்பினான், நிலம் இல்லாதவன் அந்த ஆளாகப் போனான். இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. கரை உடைந்தால் தன் வயிறு காயும் என்று தெரிந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜமீன் காலத்தில் பெரிய மராமத்து ஜமீன்தார் பொறுப்பு. அதைப் பற்றி லண்டன் வரை போன ஒரு வழக்கு உண்டு. இன்றைய சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரம் ஜமீனில் கனமழையில் கண்மாய்கள் உடைந்து ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயின. சென்னை ரயில்வே கம்பெனி நஷ்டஈடு கேட்டது. இங்கிலாந்தில் லங்காஷையரில் ஒருவர் தன் ஆலைக்காகத் தண்ணீர் தேக்கி, அது பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கில், தேக்கியவனே முழுப்பொறுப்பு என்று 1868-இல் தீர்ப்பாகியிருந்தது. ரயில்வே அதைக் காட்டியது. பிரிவி கவுன்சில் 1874-இல் மறுத்துவிட்டது. இந்தக் கண்மாய்கள் ஒருவன் தன் லாபத்துக்காகத் தேக்கியவை அல்ல, ஜனங்கள் உயிர்வாழப் பழங்காலத்திலிருந்து இருப்பவை, ஜமீன்தார் அவற்றைக் காக்கக் கடமைப்பட்டவர், அஜாக்கிரதை இல்லாதவரை அவரைப் பிடிக்க முடியாது என்றது. தண்ணீர் தேக்குவதில் உரிமையை விடக் கடமை பெரிது என்று வெள்ளைக்கார நீதிபதிகள் எழுதியது அது. அந்தக் கடமையை எத்தனை ஜமீன்தார்கள் செய்தார்கள் என்பது வேறு விஷயம். ராமநாதபுரம் சமஸ்தானத்திலும் மராமத்துக்கும் வரி பாக்கிக்கும் குடிகள் மல்லுக்கட்டியது உண்டு.

1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி அடுத்த வருஷம் ராமநாதபுரம் ஜமீன் அரசு வசமானது. கண்மாய்களும் வந்தன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, மற்றவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட கண்மாய்கள் பொதுப்பணித் துறைக் கணக்கில் ஏறின. அந்தத் துறையிலிருந்து 2021-இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தபோது அங்கே போயின. கல்தூண் மடைகளில் பல திருகு வைத்த ஷட்டர் மடைகளாயின. முங்க வேண்டியதில்லை, மேலே நின்று சுற்றினால் போதும். இது நல்ல மாற்றம், சந்தேகம் வேண்டாம். மூச்சடக்கி முங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்து மார்கழித் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று கேட்க எவனுக்கும் உரிமை கிடையாது. ஆனால் மடை மாறியபோது, அடிவாரத்தில் விளக்கோடு நடக்கிற வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு எந்தப் பதிவேட்டிலும் பதவி இல்லை.

கண்மாயில் பொழுதுபோக்கு என்பது சுற்றுலாத் துறை வந்துதான் தொடங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. கரையில் அய்யனார் இருப்பார், மடைப் பக்கம் கருப்பன் இருப்பான். புரவி எடுப்புக்கு ஊரே கரையேறும். பெண்கள் வாரக்கணக்கில் இருட்டில் வளர்த்த முளைப்பாரியைத் தலையில் சுமந்து, கும்மி கொட்டி, கண்மாயில் கொண்டுவந்து கரைப்பார்கள். பிள்ளைகள் ஆலமரக் கிளையிலிருந்து தண்ணீரில் குதிப்பார்கள். பங்குனி, சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் கண்மாய் அழிவு, ஊர் கூடி மீன் பிடிக்கும் நாள். ஊத்தாவும் கச்சாவும் பரியுமாகச் சுத்துப்பட்டு ஊர்கள் எல்லாம் விடியும் முன்பே கரையில் கூடி நிற்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் இறங்கும். விராலும் கெளுத்தியும் குரவையும் அன்றைக்கு எல்லாச் சட்டியிலும் கொதிக்கும், அந்நிய சாதிக்காரனின் சட்டியிலும். அந்தக் கூட்டம் கரையை மிதித்தது கரைக்கு நல்லது. சேற்றைக் கலக்கியது கண்மாய்க்கு நல்லது. எதையும் உத்தேசித்துச் செய்யவில்லை, நடந்துவிட்டது. இப்போது பெரும்பாலான இடங்களில் மீன் குத்தகைக்குப் போகிறது. சில ஊர்களில் அழிவு இன்னும் நடக்கிறது, அன்றைக்கு வெளியூரில் இருப்பவர்கள் காணொளியில் பார்க்கிறார்கள்.

இன்று கரைக்கு வருகிறவர்கள் வேறு. ராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தும் குடும்பங்கள், நீளமான லென்ஸ் வைத்திருக்கும் இளைஞர்கள், பள்ளிக்கூடத்து இயற்கை மன்றத்துப் பிள்ளைகள், சர்க்கரைக்குப் பயந்து விடியற்காலையில் நடக்கும் நகரவாசிகள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தைப் பார்க்க வந்தவர்களில் கொஞ்சம் பேர் இப்படித் திரும்புகிறார்கள். காரங்காட்டுச் சதுப்பில் வனத்துறை படகு விடுகிறது, அதைப் பார்த்துவிட்டுக் கண்மாய்க்கு வருபவர்கள் உண்டு. மார்கழி, தை மாதங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் மரத்துக்கு மரம் கூடு வைத்து இரைச்சல் போடுவது நல்ல காட்சிதான். நானே அதற்காக நேரம் காலம் பார்க்காமல் நின்றிருக்கிறேன். ஆனால் நீர்க்கட்டி கரையில் நடந்தபோது காலடியைப் பார்த்து நடந்தான். நாங்கள் அண்ணாந்து பார்த்து நடக்கிறோம்.

அண்ணாந்து பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பறவைகள் கூடு வைத்திருக்கும் மரங்கள் எப்படி வந்தன? 1981-இல் ஸ்வீடன் உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. கிராமத்துக்கு விறகும் வருமானமும் கிடைக்கட்டும் என்று கண்மாய் உள்வாய்களில் நாட்டுக் கருவேலத்தை நட்டார்கள். ஏலம் விடுவதற்காக நட்ட மரத்தில் நாரைகள் குடியேறின. தண்ணீர் சூழ்ந்த முள்மரம், நாயும் நரியும் நெருங்க முடியாத இடம், குஞ்சு பொரிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? அதற்குள் சீமைக் கருவேலமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிறைந்துவிட்டது. ஒரு தலைமுறைக்கு அதுதான் கஞ்சி ஊற்றியது. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் கரி மூட்டம் போடாத ஊர் குறைவு. பிறகு அதே மரம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று ஆகி, 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. வெட்டு, வெட்டாதே என்று இரண்டு பக்கமும் பேசியாயிற்று.

உள்வாயில் நிற்கும் மரம் பறவைக்கு வீடு. கரைமேல் நிற்கும் மரம் கரைக்கு எமன். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறதே என்று தோன்றும். பனை வேர் பிடித்துக்கொள்ளும், சல்லி வேர். அதனால்தான் பழைய கரைகளில் பனையை வரிசையாக வைத்தார்கள். கருவேலத்தின் ஆணிவேர் கரையை ஊடுருவிப் போகிறது. மரத்தை வெட்டினால் அடிவேர் உள்ளே மக்கி, கை தடிமனுக்குத் துளையாகிறது. தண்ணீர் தேடுவது அதைத்தான். ஆகவே கரையில் முளைத்ததைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும், உள்வாயில் நிற்பதைத் தொடாமல் விட வேண்டும். ஒரே மரம், இருபதடி தள்ளி முளைத்தால் தீர்ப்பு மாறுகிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு பொக்லைன் ஓட்டுநருக்கு யாராவது நின்று சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர் ஏக்கர் கணக்கில் பில் போடும்போது அப்படி நின்று சொல்ல ஆள் இருப்பதில்லை.

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் நூறு கோடி ரூபாய், 1,519 வேலைகள். பாசனதாரர் சங்கத்துக்கே வேலையைக் கொடுப்பது என்ற யோசனை சரியானது. நடைமுறையில் சில இடங்களில் விவசாயி கையெழுத்துப் போட்டான், வேலையை வேறு யாரோ எடுத்தார்கள். சில இடங்களில் உண்மையாகவே கரை உயர்ந்தது, மடை புதிதானது, வரத்துக்கால் துலங்கியது. கரை பலப்படுத்துவதில் கண்ணுக்குப் படும் குறை ஒன்று உண்டு: உள்வாயில் தோண்டிய வண்டலையே அள்ளிக் கரைமேல் கொட்டி, மட்டம் தட்டிவிட்டுப் போவது. கூடை கூடையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, அடுக்கு அடுக்காக மிதித்தால்தான் பழைய மண்ணும் புதிய மண்ணும் ஒட்டும். ஒட்டாத மண் அடுத்த மழையில் வழிந்து இறங்கிவிடும். இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. ரோலர் ஓட்டலாம், தண்ணீர் லாரி நிறுத்தலாம். எல்லாவற்றுக்கும் மதிப்பீட்டில் இடம் இருக்கிறது.

கலிங்கு இன்னொரு பேச்சு. கண்மாய் நிறைந்தால் மிச்சம் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் இடம் அது. கொஞ்சம் கூடுதலாகத் தேக்கலாமே என்று கலிங்கில் மணல் மூட்டை அடுக்குவது ஊர்களில் பழைய ஆசை. கலிங்குக்குக் கீழே போகும் காலில் வீட்டுமனைக் கல் நடுவது புது ஆசை. இரண்டும் ஒரே இடத்தில் போய் முடியும்: தண்ணீர் கரைமேல் ஏறி வழிவது. மண்கரை எதையும் தாங்கும், தன் தலைமேல் தண்ணீர் ஓடுவதைத் தாங்காது. குஜராத்தில் மச்சு நதியின் இரண்டாவது அணையில் 1979 ஆகஸ்ட் 11 அன்று நடந்தது அதுதான். நடுவில் கல்கட்டு மதகு நின்றது, இரண்டு பக்கத்து மண்கரையும் கரைந்து போனது, கீழே மோர்பி நகரம் ஆயிரக்கணக்கில் ஜனங்களை இழந்தது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், குளக்கோட்டன் கட்டியதாகக் கோணேசர் கல்வெட்டு சொல்லும் கந்தளாய்க் குளத்தில் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் வேறு விதமாக நடந்தது. வெள்ளம் இல்லை, மழை இல்லை. கரைக்குள் தண்ணீர் அரித்து அரித்துத் துளையாக்கி உடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் தூக்கத்திலேயே போனார்கள். கனரக வண்டிகள் கரைமேல் ஓடியதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். நம் கண்மாய்கள் அவ்வளவு தண்ணீர் பிடிப்பதில்லை. ஆனால் சக்கரக்கோட்டை போன்ற இடங்களில் கரைக்குக் கீழே இப்போது வயல் மட்டும் இல்லை, தெருக்கள் இருக்கின்றன. முன்பு உடைந்தால் ஒரு போகம் போகும்.

யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு இன்றைய பதில் நீளமானது. கரையும் மடையும் தண்ணீரும் நீர்வளத் துறை. பறவையும் அது உட்காரும் மரமும் வனத்துறை. மீன் குத்தகை ஒரு பக்கம், வண்டல் எடுக்க அனுமதி வருவாய்த் துறை. உள்வாயில் வண்டல் எடுக்க வேண்டுமென்றால் கோடையில் எடுக்க வேண்டும், சரணாலயம் என்றால் அதற்கு வேறு கடிதம். விவசாயி சொல்வான்: எங்கள் கண்மாயில் ஒரு கூடை மண் எடுக்க நாங்கள் மனுப் போட வேண்டியிருக்கிறது. வனக்காவலர் சொல்வார்: மண்ணுக்கு அனுமதி கொடுத்தால் மரம் லாரி ஏறுகிறது. இருவர் சொல்வதிலும் நிஜம் இருக்கிறது.

உண்மையான இழுபறி தையிலும் மாசியிலும் வரும். இங்கே நெல்லை நாற்று விட்டு நடுவது குறைவு. புரட்டாசியில் புழுதியில் விதைத்து, மழையை நம்பி வளர்த்து, மழை நின்ற பிறகு கடைசி ஒன்றிரண்டு தண்ணீரைக் கண்மாயில் வாங்குவார்கள். அதற்குப் பிறகும் மீதம் இருந்தால் முண்டு மிளகாய்க்கு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. கதிர் பால்பிடிக்கும் நேரம்தான் கூட்டில் குஞ்சுகள் இறகு முளைக்காமல் கிடக்கும் நேரம். மடையைத் திறந்தால் கதிர் பிழைக்கும். மரத்தடியில் தண்ணீர் வற்றினால் நாயும் நரியும் ஆளும் மரத்தடிக்கு வந்துவிடும், தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடும். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று ஜனங்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வெடியை விட்டுக்கொடுக்கலாம். விளைந்து நிற்கும் நெல்லுக்குத் தண்ணீரை விட்டுக்கொடு என்று ஒருவனிடம் கேட்பது வேறு. கேட்பவர் காரில் வந்து இறங்கியவராக இருந்தால் இன்னும் வேறு.

எனக்குத் தோன்றுவது இதுதான். பறவை பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்கலாம், வாங்கவும் வேண்டும். அந்தக் காசில் கோபுரமும் நுழைவு வளைவும் நாரைச் சிலையும் கட்டுவதற்கு முன்னால், கரைக்கு இரண்டு ஆள் சம்பளத்துக்கு வையுங்கள். ஐப்பசி முதல் தை வரை போதும். வெளிப்பக்க அடிவாரத்தில் காலையிலும் ராத்திரியிலும் நடக்க வேண்டும், எங்கே கசிகிறது, தெளிவா கலங்கலா என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும், கரையில் முளைத்த கருவேலங்கன்றைப் பிடுங்க வேண்டும். நடக்கத் தெரிந்த ஆட்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். சின்னப் பையன்களாக அப்பனுக்கு விளக்குப் பிடித்துப் போனவர்கள், எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அப்படி ஒரு பெரியவரிடம், “இப்ப யாருங்கய்யா கரையைப் பார்க்கிறது?” என்று கேட்டேன். அவர் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கொஞ்சம் வாங்கிப் பார்த்தார். கண்ணில் வைத்து மரங்களைப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பிக் கரையோரமாக ஒரு நீளத்துக்கு ஓட்டினார். “இதுல மடைக் கல்லுகூடத் தெரியுதே தம்பி. அந்த மூணாவது மடைக்கிட்ட ஈரமா இருக்கு, போய்ப் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

போய்ப் பார்த்தேன். தெளிவாகத்தான் வந்துகொண்டிருந்தது.